மூன்று நூல் சாய்வு

அந்தச் சுவர்க் கடிகாரம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. வந்து படுத்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு நேர் உச்சியில் நிற்கவில்லை, ஒன்றரை நூல் விலகி நிற்கிறது. ஒரு இஞ்சை எட்டு நூலாகப் பிரித்துப் பிழைக்கிற தச்சனுக்கு ஒன்றரை நூல் என்பது கண்ணில் விழுந்த தூசி, எடுக்கும்வரை உறுத்தும். எழுந்துபோய் ஒரு விரலால் தட்டிவிட்டால் போதும். ஆனால் எழுந்திருக்க முடியாது. நெஞ்சுக்கூட்டைச் சுற்றி ஒரு பெல்ட், இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட், முழங்காலுக்கு அடியில் ஒரு முக்காலி. இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு போய்க் காலடியில் இருக்கும் பெட்டிக்குள் நுழைகிறது. அந்தப் பெட்டி அரை நிமிஷம் இழுக்கிறது, பத்து வினாடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது. பதினைந்து நிமிஷம் இப்படி. கையில் ஒரு சிவப்பு சுவிட்சு கொடுத்திருக்கிறார்கள், வலி தாங்கவில்லை என்றால் அமுக்கவேண்டுமாம். அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும், பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், வெளியே போகலாம். வெளியே பெஞ்சில் என் செருப்பையும் எக்ஸ்ரே கவரையும் வைத்துக்கொண்டு வைரவன் மச்சான் உட்கார்ந்திருக்கிறார், என் சம்சாரம் செண்பகத்தின் அண்ணன். நான் சுவிட்சை அமுக்கப்போவதில்லை. இழுக்கட்டும். இடுப்பு இரண்டாகப் போனாலும் பரவாயில்லை, பதினைந்து நிமிஷமும் இழுக்கட்டும், அதுவரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவேண்டாம்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், வலது புட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை கரண்டு மாதிரி வலி இழுத்துக்கொண்டிருந்தாலும் நிம்மதி. வலி வந்தால் வலி, அதில் குற்றம் ஏது. இங்கே வைத்தியம் பார்க்கிற ஷர்மிளா மேடம், என் மகள் வயசுதான் இருக்கும், சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு என்னைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனது. சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது, அதற்கு முன்னால் கூரையிலிருந்து ஒரு நூல் தொங்கியது, நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்குக்குண்டு. என் பையில் இருப்பது இரும்பு, இது பித்தளை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்க சாமான் இங்க எப்படி மேடம் வந்துச்சு என்று கேட்டேன். நீங்க செவுத்துக்குப் பாப்பீங்க, நாங்க ஆளுக்குப் பாப்போம் என்று அதுவும் சிரித்தது. நேராக நிற்கச் சொன்னது, நின்றேன். இன்னும் நேராக என்றது. நேராகத்தான் நிற்கிறேன் என்றேன். முப்பத்தாறு வருஷம் கதவும் ஜன்னலும் வைத்தவனிடம் நேர் எது என்று சொல்லவேண்டுமா. அது செல்போனில் படம் எடுத்துக் காட்டியது. படத்தில் யாரோ ஒரு கிழவன், தோளும் நெஞ்சும் இடது பக்கமாக நழுவி, தலையும் அந்தப் பக்கமே சாய்ந்து, காற்றில் சாய்ந்த வாழை மாதிரி நின்றுகொண்டிருந்தான். நடுவில் நூல் மட்டும் நேராக இருந்தது. ஒரு இஞ்சு சாய்ஞ்சிருக்கீங்கய்யா, இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, எக்ஸ்ரேயைப் பாத்தா நாலஞ்சு வருசமாவது இருக்கும், வலி தெரியுறதுக்கு முந்தியே நரம்பு அமுங்குற பக்கத்தை விட்டு ஒடம்பு தானா விலகி நிக்கும், நமக்கே தெரியாது என்றது. பிறகு என் இடுப்பை ஒரு கையாலும் தோளை ஒரு கையாலும் பிடித்து மெதுவாக நேராக்கியது. இப்பதான் நேரா இருக்கீங்க என்றது. எனக்கு வலது பக்கம் கீழே விழப்போகிறேன் என்றுதான் இருந்தது. பயந்துபோய் அந்தக் குண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரான் முதுகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பெட்டி விட்டுவிட்டது, பத்து வினாடி, கால் இதமாக இருக்கிறது. மறுபடி இழுக்கிறது. நாலஞ்சு வருஷம் என்றால் எது முதல். அஞ்சு வருஷம் முன்னால் மகன் கல்யாணத்தில் போட்டோக்காரன், அய்யா கொஞ்சம் நேரா நில்லுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம், என்று மூன்று தடவை சொன்னான், உன் கேமராவை நேராப் பிடிடா என்று கத்திவிட்டேன், பெண் வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதேவா? செண்பகம் சொல்வாள், வேட்டி ஒரு பக்கம் தரையைக் கூட்டுதுங்க என்று. நெசவு சரியில்லை என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினெட்டு வயசிலிருந்து இடது காலை முன்னால் வைத்து வலது தோளால் இழைப்புளி தள்ளிய உடம்பு, பலகையைக் காலால் அமுக்கிக் குனிந்து ரம்பம் போட்ட உடம்பு. ஆயிரம் பலகையை நேராக்கி நேராக்கி அது கோணிக்கொண்டது, அதற்கு நான் என்ன செய்யமுடியும். அதற்கு நான் ஒன்றும் செய்யமுடியாது, சரி. மற்றதற்கு? நினைப்பு அங்கே போகக்கூடாது என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன். சாய்ந்துதான் இருக்கிறது. சாய்ந்திருக்கிறதா? கடிகாரம் சாய்ந்திருக்கிறதா, என் தலை சாய்ந்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்து நாலு வயசில் ஒரு கடிகாரம் நேராக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, எவ்வளவு பயமாக இருக்கிறது.

மச்சான் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார். எக்ஸ்ரே கவரை மடியில் வைத்து இடது கையால் பிடித்திருப்பார், வலது கை தோளுக்கு மேலே போகாது. இருபத்திரண்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. ஒரு வாசல் நிலையை நிறுத்தவேண்டும் என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் நிலையடியில் உட்கார்ந்து ஆப்பு அடிப்பான். இன்னொருவன் ஐந்து தப்படி பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அங்கிட்டு, இன்னும் ஒரு அடி, போதும், என்று சொல்வான். அவனைக் கண்ணு பார்க்கிறவன் என்போம். ஆப்பு அடிக்கிறவன் நிமிர்ந்து பார்க்கமாட்டான், பார்க்கவும் கூடாது, கண்ணு பார்க்கிறவன் சொல்லுக்கு அடிப்பான், அதுதான் வழக்கம். ஊரில் ஆப்பு என்றாலே ஆளைக் கவிழ்க்கிற வேலை, எங்களுக்கு அதுதான் சோறு. மச்சான் அடிக்கிற அடி ஒவ்வொன்றும் ஒரே சத்தம் கேட்கும். அவருடைய சுத்தியலுக்குப் புளியங்கட்டையில் பிடி, அவர் கைக்கே பள்ளம் விழுந்து வழுவழுப்பாகிவிட்டது, வேறு யார் பிடித்தாலும் கையில் உட்காராது. தோள் கெட்டுப்போன பிறகும் அவர் அடித்தார். கையைத் தூக்கமுடியாது என்பதால் உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டி அடிப்பார். பார்த்தால் சிரிப்பாக இருக்கும், நான் கேலி பண்ணியிருக்கிறேன், சாமியாடுறீங்களா மச்சான் என்று. அவரும் சிரிப்பார். இப்போது ஒரு ஜவுளிக்கடை வாசலில் விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கிவிடுகிறார், நீலச் சட்டை, தொப்பி, இடது கையால் வா வா என்கிறார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது செண்பகம் அந்த வாசலுக்குப் போகமாட்டேன் என்று பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டாள். நான் போய்ப் பார்த்தேன். அவர் எனக்கு வண்டி விட இடம் காட்டினார், நல்ல நிழலான இடம்.

இன்றைக்கு அங்கே லீவு சொல்லிவிட்டு எனக்குத் துணையாக வந்திருக்கிறார். குனிந்து செருப்பு மாட்ட எனக்கு முடியவில்லை என்று பஸ் ஸ்டாண்டில் அவர்தான் உட்கார்ந்து மாட்டிவிட்டார். அந்த வலது கையால். சுவிட்சு கையில் வியர்த்து வழுக்குகிறது. அமுக்கமாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீடு. ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தலைவாசல் நிலையை நிறுத்திப் பூஜை முடிக்கவேண்டும். நிலைக்கடியில் நவதானியமும் வெள்ளிக்காசும் போட்டாயிற்று, மஞ்சள் துணி கட்டியாயிற்று, வீட்டுக்காரரின் சொந்தபந்தம் முப்பது பேர் சுற்றி நின்றார்கள். வேங்கை மர நிலை, ஏழடி உயரம், அதை ஐந்து பேர் தூக்கி நிறுத்தினோம். காண்ட்ராக்டர் இரண்டு தடவை வாட்சைப் பார்த்துவிட்டார். பத்தேகால். மச்சான் நிலையடியில் உட்கார்ந்துவிட்டார், நான் ஐந்து தப்படி பின்னால் போய் ஒரு கண்ணை மூடினேன். அங்கிட்டு. இன்னும். இன்னும் ஒரு அடி. அவர் அடித்தார், அடித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து, மாப்ளே, குண்டைப் போட்டுப் பாத்துருவமா, ஒரு நிமிசந்தான் என்றார். பையிலிருந்து நூலைக்கூட எடுத்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருக்கு ஏதோ பட்டிருக்கிறது. முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் வாயில் வந்ததை நான் இப்போது கேட்கிறேன், இந்தப் பெட்டி உறுமுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிறது. என் கண்ணுக்கு மேலயா ஒங்க குண்டு, அடிங்க மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். காண்ட்ராக்டர், அவரு கண்ணு ரசமட்டம்ப்பா, அடி என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மச்சான் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு அடித்தார்.

நாலு மாசம் கழித்து, வீடு முழுக்கக் கட்டி, பூச்சு முடித்து, கதவைப் பொருத்தினால் கதவு நிற்கவில்லை. சாத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாகத் திறந்துகொண்டது. தேக்குக் கதவு, யானைத் தலை செதுக்கினது, மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து வரவேற்கிற மாதிரி திறந்துகொண்டது. தலைவாசல் கதவு நிற்காத வீட்டில் எது தங்கும் என்று வீட்டுக்காரரின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டது. காண்ட்ராக்டர் தூக்குக்குண்டைப் போட்டார். மூன்று நூல், இடப்பக்கம். எவன்யா ஆப்பு அடிச்சது என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, என் கண்ணின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, மச்சானின் தோளைப் பார்த்துக் கேட்டார். நான் அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும். நான் பார்க்கும்போது சரியாகத்தான் இருந்தது, பிறகு ஆப்பு நகர்ந்திருக்கும் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் பொய் சின்னதாகிவிடுமா. மச்சான் தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டு நின்றார். இருக்கும் மாப்ளே, அடி வலுவா விழலபோல, கை போச்சு, என்றார். அவரே நம்பிவிட்டார்.

ஆனால் நான் நம்பினேனா. இதுதான், இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, மூன்று வருஷமாக எதை நினைக்க ஆரம்பித்தாலும் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. மறுநாள் நிலையடியைக் கொத்தி உடைத்து நிலையைத் திருப்பி நிறுத்த என்னை அனுப்பினார்கள். தனியாகப் போனேன். பூச்சைக் கொத்தினேன், ஆப்பு தெரிந்தது. கையால் அசைத்தேன், அசையவில்லை. சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினேன், அசையவில்லை. கடைசியில் கடப்பாறையைப் போட்டு உடம்புப் பாரத்தை எல்லாம் கொடுத்து நெம்பினேன், அப்போதுதான் இடுப்பில் முதல் தடவையாகப் பளிச்சென்று ஒன்று ஓடியது. கல்லுக்குள் முளைத்த மாதிரி இறுகிக் கிடந்தது அந்த ஆப்பு. அது ஒரு நூல்கூட நகரவில்லை, நான் எங்கே நிறுத்தச் சொன்னேனோ அங்கேயே நின்றிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சிமெண்ட் கலக்கிற தகரத்துக்கடியில் எரிந்த அடுப்பில் போட்டுவிட்டேன். கொத்தனார்கள் டீ போட அடுப்பு மூட்டியிருந்தார்கள், ஆப்பு எரிந்தது. அடுப்பு தகரத்துக்கடியில் இல்லை, தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கே இருந்தால் என்ன, எரிந்தது. என் கண் தப்பாது. ஆப்பு நகரவில்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கமுடியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இரண்டையும் மூன்று வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டேன், ஒன்றின் மேல் ஒன்று படாமல் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டேன். அதே வாரம் மச்சான் தன் சுத்தியலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதை நீங்க வச்சுக்கங்க மாப்ளே, எனக்கு இனிமே எதுக்கு. செண்பகம் அவருக்குச் சோறு போட்டாள். அவர் போனபிறகு, எங்கண்ணனுக்குக் கை முடியலைன்னா மொதல்ல அவனே சொல்லியிருப்பானே என்று ஒரு தடவை சொன்னாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

விட்டுவிட்டது. இழுக்கிறது. கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாம். மேடத்துக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது, மேடத்துக்கு ஒத்தக்கடை வீடு தெரியாது. சொன்னால் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். இடுப்பு போன தச்சனை அவர் எதற்கு வைத்திருக்கிறார், இந்தக் கண்ணுக்காகத்தான். மரம் தூக்குவதில்லை, இழைப்பதில்லை, போய் நின்று கண்ணை மூடுகிறேன், அதற்குத்தான் கூலி. அதுவும் போனால் நானும் ஒரு வாசலில் விசில் ஊதவேண்டியதுதான். இந்த நாலஞ்சு வருஷத்தில் எத்தனை நிலை பார்த்திருப்பேன், அவற்றில் எத்தனை சாய்ந்து நிற்கின்றனவோ, எத்தனை வீட்டில் கதவுக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்களோ. அதெல்லாம் போகட்டும். மரம்தானே. அந்த மனுஷன் தன் கை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். தோள் வலித்தது, உண்மை, மேலே போகவில்லை, உண்மை, ஆனால் அடி செத்துப்போகவில்லை. அதை உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வெட்கமாக இருக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடுகிறது, துடைக்கக் கையைத் தூக்கினால் பெல்ட் தடுக்கிறது.

பெட்டி நின்றுவிட்டது. மேடம் வந்து பெல்ட்டைக் கழற்றியது, வலிச்சுச்சா அய்யா, சுவிட்சை அமுக்கியிருக்கலாமே என்றது. பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்தது, கொஞ்ச நேரம் உட்காருங்க, கூட வந்தவங்களைக் கூப்பிடறேன் என்று போனது. மச்சான் வந்தார். எக்ஸ்ரே கவரைக் கட்டிலில் வைத்தார், செருப்பை என் காலுக்கு நேராகப் போடப் போனவர் அந்த நூலையும் குண்டையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார், செருப்பு எட்டிப்போய் விழுந்தது. காற்றில் ஆடிக்கொண்டிருந்த குண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார், எந்தத் தச்சனும் அதைத்தான் செய்வான்.

"மச்சான், அந்தக் கடிகாரம் கோணலாவா இருக்கு?"

அவர் பார்த்தார். "இல்லையே மாப்ளே. நேராத்தான் இருக்கு."

"அப்ப அஞ்சு தப்படி பின்னால போங்க. என்னைக் கண்ணு பாருங்க."

விளையாட்டு என்று நினைத்தார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு போய்க் கட்டத்தாளுக்கு முன்னால், நூலுக்குப் பின்னால் நின்றேன். என்னால் முடிந்தவரை நேராக நின்றேன். அவர் பின்னால் போனார், ஒன்று, இரண்டு, ஐந்தாவது தப்படியில் நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த இடத்தில் நின்றதே இல்லை. ஒரு கண்ணை மூடினார். இடது கை தானாக உயர்ந்து அங்கிட்டு என்றது, நான் வலது பக்கம் நகர்ந்தேன், இன்னும் என்றது, விழப்போகிற மாதிரி இருந்தது, நகர்ந்தேன். போதும் என்று கை நின்றது.

"ஒரு இஞ்சு இருக்கும் மாப்ளே," என்றார். "என்ன இது, இம்புட்டு சாஞ்சிருக்கீங்க."

"நாலஞ்சு வருசமா இருக்காம். ஒத்தக்கடை நிலைக்கு முந்தியே." கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், அவரைப் பார்த்தே சொன்னேன். "ஒங்க ஆப்பு நகரல மச்சான். நான்தான் அதை எடுத்தேன். கடப்பாறை போட்டுத்தான் எடுக்க முடிஞ்சுச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மூடிய கண்ணை அவர் திறக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகரலையா?"

"ஒரு நூல்கூட நகரல."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திரும்பி வெளியே போய்விட்டார். நான் மெதுவாக நகர்ந்து செருப்புக்கு வந்தேன், ஒன்று குப்புறக் கிடந்தது, குனிய முடியாமல் பெருவிரலால் அதைப் புரட்டப் பார்த்தேன், வரவில்லை. நிமிர்ந்தபோது கதவு வழியாக வராந்தா தெரிந்தது. மச்சான் ஜன்னலோரம் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். வலது கை எதையோ பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்தது, அந்தப் புளியங்கட்டைப் பிடி அளவுக்கு. தோளைத் தூக்காமல், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, இடது உள்ளங்கையில் அடித்தார். நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி அடித்தார். ஒவ்வொரு அடியும் ஒரே சத்தம் கேட்டது.